ஸ்கூட்டி பெப் பிளஸ்ஸில் 110 சி.சி. என்ஜின் ஏற்றலாமா? தினமும் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட் போக வேண்டும்

சேவூர் கேட்
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படித்துவிட்டுப் போகிறவன், முதல் தடவையாக எழுதுகிறேன். வீட்டில் 2012 மாடல் ஸ்கூட்டி பெப் பிளஸ் இருக்கிறது, 43,000 கிலோமீட்டர் ஓடியது. தங்கை காலேஜுக்கு ஓட்டிய வண்டி. அவள் கல்யாணமாகிக் குடியாத்தம் போனபிறகு இரண்டு வருஷம் மாட்டுக்கொட்டகை ஓரம் சும்மா நின்றது. இப்போது எனக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, திருவலம் வழியாகப் போக வர 46 கிலோமீட்டர். பேட்டரி மாற்றி, ஆயில் மாற்றி, பிளக் மாற்றி ஓட்ட ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆகிறது.

பிரச்சினை என்னவென்றால் இழுவையே இல்லை. தனியாகப் போனால் 45, அதற்குமேல் முள் நகராது, என்ஜின் மட்டும் கத்தும். அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறினால் 20, 22. சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கிறார். காலையில் பத்துப் பன்னிரண்டு உதை வாங்காமல் கிளம்பாது. எல்லாவற்றையும்விட மோசம், பகல் ஷிப்ட் போகும்போது திருவலம் இரும்புப் பாலம் தாண்டியதும் தானாக அணைந்துவிடுகிறது. இருபது நிமிஷம் புளியமர நிழலில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இந்த மாதம் மூன்று நாள் லேட், சூப்பர்வைசர் மூஞ்சியில் முழிக்க முடியவில்லை.

எங்கள் ஏரியா மெக்கானிக் ஒருவர் 'இந்த என்ஜினே சின்னது தம்பி, இதில் காசு போடாதே, பழைய 110 என்ஜின் ஒன்று கைவசம் இருக்கிறது, ஏற்றித் தருகிறேன், கூலியோடு 14,000' என்கிறார். அதே கம்பெனி என்ஜின்தான் என்கிறார். செய்யலாமா? வேகம் எனக்கு வேண்டாம். காலையில் கிளம்பினால் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

மக்கன்பேடா
விற்றுவிட்டு எக்ஸெல் 100 வாங்கு. வேலை முடிந்தது.

சேவூர் கேட்
விற்றால் பத்தாயிரம்கூட வராது அண்ணா. புது வண்டிக்கு முன்பணம் கட்ட இப்போது வழியில்லை, அதனால்தானே கேட்கிறேன்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
தம்பி, பைக் என்ஜின் மாதிரி நாலு போல்ட் கழற்றி இறக்கி ஏற்றுகிற சமாசாரம் இல்லை இது. ஸ்கூட்டரில் என்ஜின்தான் பின்சக்கரத்தைத் தாங்குகிற கை. கிராங்க் கேஸ், பெல்ட் பெட்டி, கியர் பெட்டி, பின்பக்க டிரம், சக்கரம் எல்லாம் ஒரே கட்டை, அது முழுசாக ஒரு ஹேங்கரில் (சட்டத்தோடு பிணைக்கிற இரும்பு இணைப்பு) தொங்குகிறது, பின்னால் ஷாக் அப்சார்பர் பிடித்துக்கொள்கிறது. ஆக, 110 என்ஜின் என்றால் வண்டியின் பின்பாதியையே மாற்றுகிறாய் என்று அர்த்தம்.

உன் வண்டிக்கு இரண்டு பக்கமும் 10 அங்குலச் சக்கரம், 110 மில்லி டிரம். ஜூபிடர் மாதிரி 110 வண்டிக்கு 12 அங்குலம், 130 மில்லி டிரம். பின்னால் மட்டும் பெரிய சக்கரம் போட்டால் வண்டி முன்பக்கம் குனிந்து நிற்கும், ஸ்டாண்டு எட்டாது, மட்கார்டில் உரசும். சக்கரத்தை மாற்றாமல் பத்தையே போட்டால் ஓட்டம் கெடும். ஹேங்கர் பொருந்தவில்லை என்று வெல்டிங் அடிப்பார்கள். அந்த வெல்டிங்மேல் உட்கார்ந்து தினமும் 46 கிலோமீட்டர். எனக்கே பயமாக இருக்கிறது. வயரிங், தீப்பொறியைக் கட்டுப்படுத்துகிற சி.டி.ஐ. பெட்டி, சைலன்சர், காற்றுப்பெட்டிக் குழாய் எல்லாம் தனி. 14,000 என்று ஆரம்பிப்பதை 25-இல் நிறுத்தினால் உன் அதிர்ஷ்டம்.

பெப் பிளஸ் சுமார் 95 கிலோ வண்டி. அதற்கு 87.8 சி.சி. போதும், நல்ல நிலைமையில் இருந்தால் தனி ஆளை வைத்துக்கொண்டு 60 சும்மா போகும். உன் வண்டி 45-இல் நிற்கிறது என்றால் என்ஜின் சின்னது என்பதால் இல்லை. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்று பார்க்காமல் பெரிய என்ஜின் தேடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய குடம் வாங்குகிற கதை.

கருப்புக் கோட்
சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைப் பார்ப்பதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரித்தவர் கொடுத்த விவரம் ஆர்.சி.யில் என்ன இருக்கிறதோ அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது, அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். அதே வகை என்ஜின் மாற்றினால்கூடப் புது என்ஜின் நம்பரை ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

போலீஸ் பிடிப்பார் என்று சொல்லவில்லை. ரோட்டில் நிறுத்துகிறவர் என்ஜின் நம்பர் குனிந்து பார்க்க மாட்டார். ஆனால் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்டிப்பாகப் பார்ப்பார். எதிராளிக்கு அடிபட்டு நஷ்டஈடு வழக்கு வந்தால் உங்கள் தலைமேல் விழும். இன்னொன்று, 2012 வண்டிக்கு 2027-இல் 15 வருஷம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டியே ஆக வேண்டும். அன்றைக்கு நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி இரும்பு விலைக்குத்தான். அந்தப் 'பழைய 110 என்ஜின்' யார் வண்டியில் இருந்து வந்தது என்று கேட்டீர்களா?

ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது?

சேவூர் கேட்
தங்கை பேரில்தான் சார். மாற்றவில்லை. என்ஜின் யாருடையது என்று கேட்டதற்கு 'அதெல்லாம் உனக்கு எதுக்கு' என்றார்.

கருப்புக் கோட்
நல்லது. அவரிடம் இனி பஞ்சருக்குக்கூடப் போகாதீர்கள்.

ஓட்டேரி எக்ஸ்பிரஸ்
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள், என்ஜினையே மாற்ற வேண்டாம், பெரிய போர் கிட் (அகலமான சிலிண்டரும் பிஸ்டனும்) போடலாமே. நான் போட்டேன். 51 மில்லி பிஸ்டனுக்குப் பதில் 54. முதல் மாதம் சொர்க்கம். தொரப்பாடியில் எடுத்தால் பாகாயம் வரை ஒரே இழுவை, பின்னால் ஆள் இருப்பதே தெரியாது.

முள்ளுக்கத்திரி
இரண்டாவது மாதம்?

ஓட்டேரி எக்ஸ்பிரஸ்
அதை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும் அக்கா. சித்திரை வந்தது. ஆரணி ரோட்டில் கணியம்பாடி தாண்டியதும் டிக் டிக் டிக் என்று உள்ளே சுத்தியல் அடிக்கிற சத்தம். விடாமல் ஓட்டினேன், அப்படியே பூட்டிக்கொண்டது. சக்கரம் உருளவில்லை. பின்னால் லாரி வராதது என் அம்மா செய்த புண்ணியம். சீஸ் ஆகிப் பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனாலும் கிட் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை, அந்த ஜெட்டை மாற்றாமல் பழைய ஜெட்டிலேயே ஓட்டினேன், காற்று அதிகம், பெட்ரோல் கம்மி, சூடு ஏறிவிட்டது. ஒழுங்காகச் செய்தால் ஓடும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

பட்டறை 1986
வயசானவன், மெதுவாகத்தான் தட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொணவட்டத்தில் லேத் பட்டறை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். டி.வி.எஸ். 50 காலத்திலிருந்து சின்ன சிலிண்டர்தான் என் சாப்பாடு.

ஓட்டேரித் தம்பி சொன்னதில் கணக்கைப் பார்ப்போம். பெப் பிளஸ்ஸில் போர், அதாவது சிலிண்டர் அகலம், 51 மில்லி; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 43 மில்லி. அதுதான் 87.8 சி.சி. போரை 54 ஆக்கினால் 98.5 சி.சி. வருகிறது. பத்து சி.சி. லாபம் என்று தெரிகிறதே ஒழிய, ஹெட்டில் இருக்கிற குழி அதே அளவுதான். முன்னே 10-க்கு 1 என்று அழுத்தம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது 11-க்கு மேலே போய்விடும். சுருக்கம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் தீப்பொறி மூட்டிய தீ வந்து சேருவதற்கு முன்பே மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கும், அந்த டிக் டிக் அதுதான். சிலிண்டர் சுவர் ஒன்றரை மில்லி மெலிந்துவிடுகிறது, கேஸ்கெட் பிடிக்கிற விளிம்பும் குறுகுகிறது. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராட் எல்லாம் பழசு, அது சின்ன பிஸ்டனுக்கென்று செய்தது. விசிறியும் பழைய விசிறிதான், அது தள்ளுகிற காற்று கூடப்போவதில்லை. ஊட்டியில் ஓட்டினால் வேறு பேச்சு. நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி தாண்டுகிறபோது தார் ரோட்டில் இருந்தே அனல் வருகிறது.

பந்தயத்துக்கு ஓட்டுகிறவன் மாதம் ஒருமுறை பிரித்துப் பார்ப்பான். வேலைக்குப் போகிறவன் பிரிக்கக் கூடாது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மலையில் மரம் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை என்று நம் ஊரைச் சொல்வார்கள். உன் வண்டியில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இல்லை என்று என் சந்தேகம். அதை அளந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

மக்கன்பேடா
கம்ப்ரெஷன் இல்லாத ஸ்கூட்டி 🤣 பெரியவரே, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

முள்ளுக்கத்திரி
சேவூர் தம்பி, நான் இதே வண்டிதான், சத்துவாச்சாரியிலிருந்து ஆஸ்பத்திரி டியூட்டிக்கு. நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வருவேன், நடுரோட்டில் நின்றால் பயம் என்பதால் வண்டி விஷயத்தில் கறாராக இருப்பேன். 71,000 ஓடியிருக்கிறது, ஒரே ஒரு தடவை பிஸ்டன் கிட் போட்டேன். நீங்கள் சொல்கிற அடையாளத்தில் மூன்று தனித்தனி நோய் இருக்கிற மாதிரி தெரிகிறது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'என்ஜின் சின்னது' என்று சொல்லிவிட்டார் அந்த ஆள். சில கேள்விகள் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

புகை வருகிறதா, என்ன நிறம், எப்போது? காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். முறுக்க முறுக்க வந்துகொண்டே இருந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்). கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, கார்பரேட்டர் அல்லது ஏர் ஃபில்டர்.

டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்துகிற கைக்கும் நடுவே விடுகிற இடைவெளி) கடைசியாக எப்போது பார்த்தார்கள்? ஆயில் எவ்வளவு குறைகிறது? பெல்ட் பெட்டி திறந்து எத்தனை வருஷம்?

திருவலத்தில் அணையும்போது உடனே டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா? மூடியில் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காமல் நிற்கும். திறந்தால் 'புஸ்' என்று சத்தம் வந்து, உடனே ஸ்டார்ட் ஆனால் பத்து ரூபாய் வேலை.

சேவூர் கேட்
அக்கா, புகை நீலம்தான், முறுக்கினால் வருகிறது, கண்ணாடியிலேயே தெரிகிறது. ஆயில் போட்டு 600 கிலோமீட்டர் ஓடியிருப்பேன், டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. டேப்பட், பெல்ட் எல்லாம் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. தங்கையைக் கேட்டேன், 'பெல்ட்டா, ஸ்கூட்டியில் ஏது பெல்ட்' என்றாள்.

இன்றைக்கு அணைந்ததும் மூடியைத் திறந்தேன். புஸ் எதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றி உதைத்துப் பார்த்தேன், தீப்பொறி நன்றாக வருகிறது. ஆனால் கிக்கர் காலுக்குக் கனமே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. ஆறிய பிறகு கொஞ்சம் கனம் வந்தது.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
அருமையாகப் பார்த்திருக்கிறாய் தம்பி, பாதி மெக்கானிக்குகள் இதைச் செய்வதில்லை. தீப்பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, சூட்டில் மட்டும் அழுத்தம் போகிறது. டேப்பட் இடைவெளி குறைந்துபோயிருக்கும். வால்வு சீட் தேயத் தேய வால்வு உள்ளே ஏறி இடைவெளியைத் தின்றுவிடும். குளிரில் எப்படியோ மூடிக்கொள்ளும், சூட்டில் வால்வு தண்டு நீளும், முழுசாக மூடாது, அழுத்தம் கசிந்து அணைந்துவிடும். எல்லோரும் டேப்பட் சத்தம் போட்டால்தான் பயப்படுகிறார்கள். சத்தமே இல்லாத டேப்பட்தான் வால்வை எரிக்கும்.

ஆறுமுனை
எல்லாம் சரி, பெட்ரோலை மறந்துவிட்டீர்களே. இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஏப்ரல் 2023-க்கு அப்புறம் வந்த வண்டிகளில்தான் அதற்கேற்ற ரப்பரும் சாமான்களும். 2012 கார்பரேட்டர் வண்டிக்கு இது பழக்கமில்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டி சென்சார் வைத்துத் தானே கூட்டிக்கொள்ளும், கார்பரேட்டருக்கு மூளை கிடையாது, ஒரே ஓட்டை, ஒரே அளவு. அதனால் கலவை மெலிந்து சூடாக ஓடுகிறது. இரண்டு வருஷம் நின்ற வண்டி என்றால் டேங்கில் நின்ற பெட்ரோல் தண்ணீரை இழுத்துவைத்திருக்கும், கீழே துருவும் இருக்கும்.

மக்கன்பேடா
ஆக எல்லாவற்றுக்கும் எத்தனால்தான் காரணம். என் தலைமுடி கொட்டுவதற்கும்.

ஆறுமுனை
எல்லாவற்றுக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். பிரிக்கிறபோது பெட்ரோல் குழாயை மாற்று, டேங்கை இறக்கிக் கழுவு, மிதவை ஊசியைப் பார், ஜெட்டை ஊது, அவ்வளவுதான் சொல்கிறேன். எண்பது ரூபாய்க் குழாயில் கஞ்சத்தனம் பண்ணாதே.

பசுமை வேலூர்
ஒரு நாளைக்கு 46 கிலோமீட்டர் என்றால் எலக்ட்ரிக்தான் சரி. வீட்டில் சார்ஜ் போட்டால் போதும். எதற்குப் புகை, ஆயில், டேப்பட்?

சேவூர் கேட்
வாங்கித் தருகிறீர்களா அண்ணா?

பசுமை வேலூர்
😅 சரி சரி, அடுத்த வண்டிக்கு யோசியுங்கள்.

ரயிலடி
ஒரு சின்ன இடைச்செருகல். 1856 ஜூலை முதல் தேதியே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டுவிட்டார்கள், தென்னிந்தியாவில் பயணிகள் ரயிலின் முதல் ஓட்டம் அதுதான். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கிற வண்டியில் ஏறி முகுந்தராயபுரம் இறங்கினால் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை பக்கம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வண்டி பிரித்துப் போட்டிருக்கிற நாட்களில் அப்படிப் போங்கள். ஷிப்ட் நேரத்துக்கு ரயில் ஒத்துவரவில்லை என்று சொல்லப்போகிறீர்கள், தெரியும்.

சேவூர் கேட்
ஒத்துவராது அண்ணா, ஆனால் ஒரு வாரம் சமாளிக்கலாம், நன்றி.

சரி, பெரியவர் சொன்னபடி அளந்து பார்த்தேன். பட்டறை 1986 ஐயா தனிச்செய்தியில் வழி சொன்னார், நேற்று அவர் மகனிடம் கொண்டுபோனேன். கம்ப்ரெஷன் மீட்டரை பிளக் ஓட்டையில் வைத்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து உதைக்கச் சொன்னார். 85 காட்டியது. பிறகு ஒரு டீஸ்பூன் ஆயிலைப் பிளக் ஓட்டை வழியாக விட்டு மறுபடி உதைத்தால் 115.

பட்டறை 1986
மகன் போனில் சொன்னான். ஆயில் விட்டதும் ஏறினால் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே கசிவு, ஏறாவிட்டால் வால்வு. முப்பது ஏறியிருக்கிறது, ரிங் போய்விட்டது. ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு முழுசாக ஏறவில்லை பார், ஆகவே வால்விலும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. ஹெட்டையும் சேர்த்து இறக்கச் சொன்னேன்.

சிலிண்டரை 0.25 மில்லி அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுச் சரிக்கட்ட முடிந்தால் போதும், 0.50 வரை போகலாம். 0.50 போட்டாலும் 89.6 சி.சி.தான் வரும், ஆர்.சி.யில் எழுதியதற்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று வக்கீல் தம்பியிடம் சொல்லு.

கருப்புக் கோட்
தேய்மானத்துக்குச் செய்கிற ரிப்பேர் அது ஐயா, நான் வாயே திறக்கவில்லை.

சேவூர் கேட்
எல்லோரும் உட்கார்ந்துகொள்ளுங்கள், கதை இருக்கிறது. இன்று என்ஜின் பிரித்தார்கள், லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன்.

முதலில் விசிறி மூடியையும் சிலிண்டரைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கவசத்தையும் கழற்றினார்கள். உள்ளே குளவிக்கூடு. ஒன்றில்லை, நாலு. இரண்டு வருஷம் கொட்டகையில் நின்றபோது குளவி மண்ணைக் கொண்டுவந்து சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவே பூசி வைத்திருக்கிறது. அதன்மேல் ஆயில் கசிந்து, அதன்மேல் ரோட்டுப் புழுதி ஒட்டி, செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நோண்டித்தான் எடுத்தார்கள். காற்று போக வழியே இல்லாமல் இந்த என்ஜின் மூன்று வாரம் என்னைத் திருவலம் வரைக்கும் சுமந்திருக்கிறது. சத்தியமாக எனக்கு அழுகை வந்தது.

சிலிண்டரில் மேலிருந்து கீழாக மூன்று கோடு, நகம் வைத்தால் தட்டுப்படுகிறது. மேல் ரிங் பிஸ்டன் பள்ளத்தில் கரியோடு ஒட்டி அசையவே இல்லை. எக்சாஸ்ட் வால்வு விளிம்பு வெளுத்து, ஒரு பக்கம் அரித்திருக்கிறது.

முள்ளுக்கத்திரி
குளவி! எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. கொட்டகை என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
அப்போது இதே வண்டியில் அந்த ஆள் 110 என்ஜின் ஏற்றிக் கொடுத்து, நீ அதையும் கொட்டகையில் நிறுத்தியிருந்தால்...

பெல்ட் பெட்டியைத் திறந்தார்களா? 45-இல் நின்று என்ஜின் மட்டும் கத்துகிறது என்றாயே, அது கம்ப்ரெஷன் இல்லை, அது வேரியேட்டர். ரோலர்கள் வேகத்தில் வெளியே தள்ளி முன் கப்பியை நெருக்கினால்தான் பெல்ட் மேலே ஏறும், நம் பாஷையில் டாப் கியர். ரோலர் ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்தால் நடுவழியிலேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கினாலும் மூன்றாவது கியரில் ஓட்டுகிற கதைதான்.

சேவூர் கேட்
திறந்தார்கள் அண்ணா. ரோலர்கள் எல்லாம் ஒரு பக்கம் தட்டை, ஒன்று உடைந்தே இருந்தது. பெல்ட்டின் பல் இடுக்கில் வெடிப்பு. கிளட்ச் ஷூ பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது, அதை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

ஓட்டேரி எக்ஸ்பிரஸ்
ரோலர் மாற்றும்போது ஒரு கிராம் எடை குறைவாகப் போடு, பிக்கப் பறக்கும். மேம்பாலம் எல்லாம் தூசு.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
பறக்கும், கூடவே பெட்ரோலும் பறக்கும். லேசான ரோலர் போட்டால் பெல்ட் தாமதமாக ஏறும், அதே 40-க்கு என்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். அவன் மாதம் 1,150 கிலோமீட்டர் போகிறவன், நேர் ரோடு, மேடு என்றால் அந்த ஒரு மேம்பாலம். கம்பெனி எடையே போடு தம்பி, பெல்ட்டும் கம்பெனி பெல்ட். இந்த இரண்டில் மட்டும் டூப்ளிகேட் வாங்காதே, பெல்ட் அறுந்தால் வண்டியைத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் என்ஜினில் இவ்வளவு போடுகிறவன் பிரேக் ஷூவை விட்டுவிடாதே. சின்ன டிரம், இழுவை வந்ததும்தான் தெரியும் பிடிப்பு போதவில்லை என்று.

சேவூர் கேட்
வண்டி வந்துவிட்டது. போர் 0.50 வரை போக வேண்டியிருந்தது, கோடு ஆழம். புதுப் பிஸ்டன், ரிங், இரண்டு வால்வு, வால்வு சீட் வேலை, சீல், கேஸ்கெட் செட், ரோலர், பெல்ட், இரண்டு பிரேக் ஷூ, பெட்ரோல் குழாய், ஏர் ஃபில்டர், கியர் ஆயில். கியர் ஆயில் என்று ஒன்று தனியாக இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும், இறக்கியபோது கருங்காபி மாதிரி வந்தது. எல்லாம் சேர்த்து 8,350 ஆனது. அதில் லேத் கூலியில் ஐயாவின் மகன் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார், அதையும் எழுத வேண்டும்.

முதல் உதையில் ஸ்டார்ட். சத்தமே வேறு மாதிரி இருக்கிறது. 500 கிலோமீட்டர் வரை 40-க்கு மேல் போகாதே என்றார். பாலாற்றுப் பாலம் வரை போய்விட்டு வந்தேன்.

பட்டறை 1986
40-க்கு மேல் போகாதே என்றால் 40-லேயே முள்ளை ஆணி அடித்த மாதிரி வைத்து ஓட்டுவது இல்லை. 25, 35, 30 என்று ஏற்றி இறக்கி ஓட்டு, அப்போதுதான் ரிங் சுவரில் ஒழுங்காக உட்காரும். ஆரம்பத்தில் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி ஆற விடு, உனக்குத்தான் திருவலம் புளியமரம் பழக்கமாயிற்றே. இப்போதைக்குச் சாதா ஆயில், விலை கூடிய சிந்தெடிக் வேண்டாம். 500-இல் மாற்று, வடிகிற ஆயிலில் மினுமினு என்று இரும்புப்பொடி தெரியும், பயப்படாதே. அப்போதே டேப்பட்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், புது சீட் கொஞ்சம் படியும். அப்புறம் 2,500-க்கு ஒருமுறை ஆயில். உன் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்.

முள்ளுக்கத்திரி
டிக்கியில் பழைய பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர் ஒன்று, ஒரு துணி. பழைய பெல்ட் முழுசாக இருந்தால் அதையும் போட்டு வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒருநாள் அரியூரில் உதவியது.

சேவூர் கேட்
ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஷிப்ட் மாறிவிட்டது.

1,900 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஒருநாள்கூட அணையவில்லை. போன வாரம் மத்தியானம் இரண்டு மணி வெயிலில் இரும்புப் பாலம் தாண்டும்போது பழக்கதோஷத்தில் ஓரம் கட்டிவிட்டேன், அப்புறம் சிரித்துக்கொண்டே போனேன். தனியாக 58 வரை பார்த்தேன், அதற்குமேல் ஆசை இல்லை. நேற்று அம்மாவை வைத்துக்கொண்டு காட்பாடி மேம்பாலம், உச்சியில் 36. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை. மைலேஜ் இரண்டு டேங்க் கணக்குப் பார்த்தேன், லிட்டருக்கு 44, முன்னே 29. விசிறி மூடிக்குக் கொசுவலைத் துண்டு கட்டலாமா என்று யோசித்தேன், காற்று குறையும் என்று ஸ்பேனர் அண்ணன் திட்டுவார் என்பதால் கட்டவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
திட்டியிருப்பேன். ஓட்டுகிற வண்டியில் குளவி கூடு கட்டாது.

சேவூர் கேட்
இப்போது ஒரு புதுப் பிரச்சினை. இந்த இழையைத் தங்கை படித்துவிட்டாள். 'வண்டி என் பேரில்தானே இருக்கிறது, குழந்தையைப் பள்ளிக்கூடம் விட எனக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று போன். கருப்புக் கோட் சார், சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா?

கருப்புக் கோட்
ஆர்.சி. யார் பேரில் என்று அன்றைக்கே கேட்டேனே.

மக்கன்பேடா
எக்ஸெல் 100.